லாகின் பக்கத்தில் தம்பியின் முகம்

தம்பி மஞ்சள் காமாலையில் போய்ப் பத்து நாள் இருக்கும். காரியத்துக்கு மாலை போட ஒரு நல்ல போட்டோ வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். போனில் இருந்ததெல்லாம் கூட்டத்தில் எடுத்தவை. எதிலும் அவன் முகம் முழுசாக இல்லை. உருப்படியான ஒரே படம் அவன் கடைக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதற்காகத்தான் கலசப்பாக்கத்திலிருந்து மறுபடி மலைக்குப் பஸ் ஏறினேன்.

மலைமேல் எங்கள் அம்மா வீட்டு முன்னறையில்தான் அவன் கடை. சாதிச் சான்று, பட்டா என்று மலைக்காரர்களுக்கு விண்ணப்பம் போட்டுத் தருவான். அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவளே நான்தான். பாஸ்வேர்டும் நான் வைத்ததுதான். இருந்தும் என்னை உள்ளே விடவில்லை.

பாஸ்வேர்டைத் தட்டினால் தப்பு என்று சொல்லவில்லை. திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு அதே லாகின் பக்கம், அதே சின்ன வட்டத்துக்குள் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்ட தம்பி. தப்பு என்றாலாவது நாலு திட்டு திட்டிவிட்டு வேறு தட்டலாம். சரி என்று தலையாட்டிவிட்டு வாசலுக்கே திருப்பி அனுப்பினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அம்மா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். திரை கறுக்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்வாள். முகம் வந்ததும் விடுவாள்.

"தோ, வந்துட்டாம் பாரு."

"ம்மா, அது வரக்கூடாது. வந்தா ரிப்பேருன்னு அர்த்தம்."

"அவன் வந்தா உனக்கு இன்னாடி கஷ்டம்?"

படமில்லாத கறுப்புத் திரைக்கு மாறி, கட்டளைகளைத் தட்டிப் பார்த்தேன். டிஸ்க் முழுக்க நிரம்பி வழிந்தது. புதிதாக ஒரு வரி எழுதக்கூட இடமில்லாததால்தான் டெஸ்க்டாப் திறக்க முடியாமல் திரும்பியிருக்கிறது. நெல்லிவாசலிலிருந்து நடந்தும் ஜீப்பில் தொற்றிக்கொண்டும் வந்தவர்களின் காகிதங்களை ஸ்கேன் செய்தவன், ஒன்றையும் அழிக்கவில்லை. கேட்டால், "காயிதம் தொலைஞ்சா பாவம், மறுபடி எங்க போயி அலைவாங்க?" என்பான். அவற்றில் கை வைக்க எனக்கு மனமில்லை. பழைய அப்டேட் கோப்புகளை மட்டும் அழித்தேன்.

லாகின் பக்கத்துக்குத் திரும்பிப் பாஸ்வேர்டைத் தட்டினேன். திரை கறுத்தது. அம்மா கையைப் பிடித்தாள். டெஸ்க்டாப் திறந்தது.

"எங்கடி அவன்?"

படத்தைத் தேடி எடுத்துத் திரை நிறையக் காட்டினேன். பெரிதாகப் பிரிண்ட் போட்டுவிடலாம் என்றேன். நன்றாகத்தான் இருந்தான். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிடித்த கையை விடவில்லை.

"இது மாலை போடறதுக்கு. அதுல போய்ட்டுப் போய்ட்டு வந்தானே. காரியம் முடியிற வரைக்குமாவது பழையபடி கெடுத்து வுடு, பாப்பா."

படத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு லாக் அவுட் கொடுத்தேன். தம்பி வந்தான். அம்மா என் கையை விட்டுவிட்டு ஸ்டூலைத் திரைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இன்னொரு வாட்டி அனுப்பிட்டு வர வை" என்றாள்.

பாஸ்வேர்டைத் தட்டினால் இனி அவன் திரும்ப மாட்டான். நான் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதேன்.