ஒரு கைக்கான பலகை

இருபது வருஷமாக லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர் அவர். பக்கவாதம் வந்து மனைவிக்கு இடது கை விழுந்துபோன பிறகு, அவருடைய அக்காதான் வந்து தங்கிச் சமையலைப் பார்த்துக்கொண்டாள். மனைவி அடுப்படிப் பக்கமே போவதில்லை. ஒருநாள் யாரும் இல்லையென்று நினைத்து உருளைக்கிழங்கு நறுக்கப் பார்த்தாள். பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாததால் கிழங்கு உருண்டோட, கத்தி தரையில் விழுந்தது. கதவருகே நின்ற அவர் அதைப் பார்த்துவிட்டார்; பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் முதலாளியிடம் கேட்டு, பட்டறையில் மிச்சம் கிடந்த எவர்சில்வர் கம்பியில் மூன்று துண்டு வெட்டினார். முனைகளைக் கூராக்கி, ஒரு பலகையில் நிமிர்ந்து நிற்கும்படி இறுக்கினார். காயை அதில் குத்திவிட்டால் அசையாது. பலகை வழுக்காமலிருக்க அடியில் பழைய ரப்பர் துண்டுகளை ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அதை நீட்டியபோது மனைவியின் முகம் இறுகிவிட்டது.

"என்மேல பரிதாபப்பட்டு செஞ்சீங்களா?"

"ஆறு மாசமா எங்க அக்கா சமையலைச் சாப்பிடறது நான். பரிதாபம் என்மேலதான்."

"வாய்க்கொழுப்பப் பாரு!" என்றாள் அக்கா.

மனைவி சிரிக்கவில்லை. பலகையை வாங்கி மேடையில் வைத்து, ஒரு கிழங்கைக் குத்தி நறுக்கினாள். துண்டுகள் தடிமனும் மெல்லிசுமாக விழுந்தன. உதவ வந்த நாத்தனாரைக் கையமர்த்தினாள்.

"நீங்க உக்காருங்க அண்ணி. நேரமாகும். ஆனா நானே செய்யறேன்."

அன்று சாப்பிட மூன்று மணியாயிற்று. அக்காவும் தம்பியும் பசியோடு காத்திருந்தார்கள். இருவருமே அவளை அவசரப்படுத்தவில்லை.