கடிப்பதற்கு முன்

அந்தப் பிள்ளை கடித்தால் தோல் உரியும். ஏழு வயது. முன்பல் இரண்டு விழுந்தும் வேகம் குறையவில்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிறேன். பக்கத்து மேசைப் பையனை அவள் மூன்றாவது தடவையாகக் கடித்த அன்று, அவனுடைய அம்மா கொழுந்து மலையிலிருந்து நேரே அதிபர் அறைக்கு வந்துவிட்டார்.

“இது புள்ளையா, நாய்க்குட்டியா? என் மகன் கையப் பாருங்க சார்! இன்னொரு தடவ கடிச்சா நான் சும்மா இருக்கமாட்டேன்.”

இன்னொரு தடவை கடித்தால் அவளை வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவதாக அதிபர் வாக்குக் கொடுத்தார். வேறு பள்ளிக்கூடம் என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலை, அப்பா கொழும்பில் கடை வேலை. வளர்க்கிற பெரியம்மா விடிந்தால் மலைக்குப் போகிறவர். யார் கூட்டிப்போவார்? படிப்பு அத்தோடு சரி.

நான் மட்டும் என்ன செய்து கிழித்தேன்? “வாயில மொளகாய வைப்பேன்!” என்று கத்தினேன். அவள் என்னை முறைத்துப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நுவரெலியாவில் ஒரு பயிற்சிக்குப் போனபோது, சிரிக்கிற முகம், அழுகிற முகம் வரைந்த அட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு உன் மனசு எப்படி என்று பிள்ளைகள் தொட்டுக் காட்ட வேண்டுமாம். கடிபட்ட பையன்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கிற முகத்தைத் தொட்டான். நல்ல கூத்து!

அட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, வகுப்பில் பெரட்டு வைத்தேன். தோட்டத்தில் காலையில் நடப்பதுதான்: வேலையாட்கள் கூடி நிற்பார்கள், யார் எந்த மலைக்கு என்று மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு சொல்வார். கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அரை நாள் சம்பளம். என் வகுப்பில் மனசு நன்றாக இருந்தால் முழுப்பேர், பாரமாக இருந்தால் அரைப்பேர். பிள்ளைகள் வரிசையில் நின்று ஒரே குரலில் கத்தினார்கள்: “முழுப்பேரு டீச்சர்!”

ஒரு கிழமை முழுக்க இதே பாட்டு. தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டாமா? எந்த வீட்டில் அரைப்பேரைப் பெருமையாகச் சொல்வார்கள்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் என் மகளை அழவைத்துவிட்டு வந்தேன். பெரட்டில் நானே முதலில் சொன்னேன்: “இன்னிக்கி எனக்கு அரைப்பேருதான்.”

வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: “ஏன் டீச்சர்?”

“சப்பாத்து ஒன்ன காணோம்னு மகள நல்லா ஏசிட்டேன். பாத்தா, கட்டிலுக்கு அடியில நான்தான் தள்ளி வச்சிருக்கேன்.”

விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒரு கை உயர்ந்தது. “எனக்கும் அரைப்பேரு டீச்சர். எங்க ஆடு செத்துப்போச்சு.” அதற்குப் பின் ஒவ்வொரு கையாக உயர்ந்தது. அவள் மட்டும் கையை உயர்த்தவில்லை. ஆனால் அன்று முறைக்கவும் இல்லை.

இரண்டு கிழமை கழித்து, இடைவேளையில் அந்தப் பையன் தலைதெறிக்க ஓடிவந்தான். “டீச்சர்! டீச்சர்! அவ கடிக்கப் போறாளாம்!”

“கடிச்சிட்டாளா?”

“இல்ல டீச்சர். ‘எனக்கு அரைப்பேரு, ஒன்னக் கடிக்கப் போறேன், ஓடிரு’ன்னு சொன்னா. ஓடியாந்துட்டேன்.”

நானும் ஓடினேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தன் சட்டைக் கையைப் பல்லால் கவ்விக்கொண்டு நின்றாள். குந்தி உட்கார்ந்து, “என்னடி தங்கம்?” என்று கேட்டேன்.

கவ்வியிருந்ததை விட்டாள். “ஞாயித்துக்கெழம அம்மா போன் பண்ணல. அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழமயும் பண்ணல.”

இத்தனை நாளாக இந்தப் பிள்ளையிடம் மிளகாயைப் பற்றியா பேசினேன்! கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் அழுதாள், நானும் வெட்கமில்லாமல் அழுதேன். கொஞ்சம் தள்ளி நின்ற பையன், “இப்ப கிட்ட வரலாமா?” என்று கேட்டான்.

பள்ளி விட்டதும் அதிபர் கூப்பிட்டார். அவளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொல்லிப் பெரியம்மாவுக்கு எழுதிய கடிதம் அவர் மேசையில் கிடந்தது.

“இன்னைக்கும் கடிச்சிட்டாளாமே?”

“இல்ல சார். கடிக்கப் போறேன்னு சொல்லியிருக்கா.”

“ரெண்டுக்கும் என்ன டீச்சர் பெரிய வித்தியாசம்?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “என்ன வித்தியாசமா? எனக்கு நாப்பது வயசு சார். ஏசப் போறேன், ஓடிருன்னு ஒரு நாளாவது என் மகள்கிட்ட சொல்லியிருக்கேனா?”

அவர் கடிதத்தை நான்காக மடித்துக் கிழித்தார். அந்தப் பிள்ளை இப்போது மூன்றாம் ஆண்டில், அதே பையனுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறாள்.