ஒரு வாய் கூழு

என் மகளால் எதையும் விழுங்க முடியாது. விழுங்கினால் நுரையீரலுக்குப் போய்விடும். வயிற்றில் பொருத்திய டியூப் வழியாகத்தான் பாலும் கஞ்சியும். தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், எங்கள் லைன் வீடுகளில் இதை நான் சொல்லாத ஆளில்லை. ஆனாலும், "புள்ளைய பட்டினி போடுறியே" என்பார்கள்.

போன ஆடியில் கூழ் ஊற்றிய அன்று, குழாயில் தண்ணீர் வந்ததென்று குடத்தோடு ஓடினேன். திரும்பி வந்தால், பக்கத்து வீட்டு கமலாக்கா கையில் ஸ்பூன். மகளின் முகம் நீலமாகியிருந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, சளி உறிஞ்சும் மெஷினால் தொண்டையிலிருந்த கூழை எடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

"அம்மன் கூழு, ஒரு வாய்தானே. இன்னா பண்ணிடும்னு நெனச்சேன்" என்று அக்கா அழுதார். எனக்கு அந்த அழுகையும் எரிச்சலாக இருந்தது.

கதவைப் பூட்டிப் பார்த்தேன். நாள் முழுக்க ஆள் வந்துபோகும் லைன் வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. இப்போது யாராவது "ஒரு வாய்" என்று ஆரம்பித்தால், டியூபில் மாட்டும் சிரிஞ்சை நீட்டி, "வாங்க, நீங்களே பாலை ஊத்துங்க" என்கிறேன். பாதிப் பேர் நழுவிவிடுகிறார்கள்.

கமலாக்கா நழுவவில்லை. சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து, பால் மெல்ல இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"கொழந்த சாப்புடுதுடி" என்றார்.

இத்தனை வருஷமாக நான் வேறு என்ன சொன்னேன்?