ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒழுகிய ஏ.சி.கள்

ஏ.சி. மெக்கானிக்கின் தொழிலில் பாதி, தண்ணீர் துடைப்பதுதான். ஜன்னல் ஏ.சி. பெட்டியை வெளிப்பக்கம் கொஞ்சம் சரித்து வைத்தால் தண்ணீர் தெருவுக்குப் போகும். இல்லையென்றால் கட்டிலுக்கு வரும். தொண்ணூறுகளில் நான் தேனாம்பேட்டையில் ஒரு கடையில் இருந்தேன். மனைவி செல்வி வேலூரில் டீச்சர். பார்த்துக்கொள்ள ஞாயிறு ஒன்றுதான். வீட்டுக்காரர்கள் வீட்டில் இருப்பதும், ஒழுகுகிறது என்று போன் வருவதும் அன்றுதான். பெண்டாட்டியை வெளியூரில் விட்டுவிட்டு இந்த ஊரில் குப்பை கொட்டியவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

ஈசான்ய மூலை

அபிராமபுரத்தில் ஒரு மாமா. பெட்டியின் வெளிமுனைக்கு அடியில் கட்டை கொடுத்து, வேண்டுமென்றே உள்பக்கம் சரித்து வைத்திருந்தார். மெத்தை ஊறிக் கிடந்தது. கட்டையை உருவப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாதத்திலேயே என் வேலூர் பஸ் போய்விட்டது.

"தண்ணி ஈசான்யத்துக்குத்தான் போகணும்னு ஜோசியர் சொல்லிட்டார். நீ கட்டிலை நகர்த்திப் போட்டுட்டுப் போ!"

லாரி வராத வாரம்

அடுத்த ஞாயிறு மாம்பலம். மாடி வீட்டு ஏ.சி. கீழ்வீட்டு வாசலில் சொட்டுகிறதே என்று மாடிக்காரருக்கே கூச்சம். குழாய் போட்டுத் திருப்ப ஏணி வைத்தேன். கீழ்வீட்டம்மா ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். சொட்டும் இடத்தில் வரிசையாகக் குடங்கள். செல்வி பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றிருப்பாளே என்று ஏணி மேலேயே மனசு அடித்துக்கொண்டது.

"அத்த நிறுத்திடாத நைனா! தண்ணி லாரி வர்ற வரைக்கும் பாத்திரம் தேய்க்க அதான் கீது!"

தட்டில் மறந்த துணி

இது என் தப்பு. மறுநாள் ஊருக்குப் போகிற அவசரத்தில், சனிக்கிழமை அடையாறில் ஒரு வீட்டில், துடைத்த துணியைத் தண்ணீர்த் தட்டிலேயே விட்டுவிட்டேன். அது ஓட்டையை அடைத்துக்கொள்ள, ஞாயிறு காலை கூடமெல்லாம் தண்ணீர். பையும் மல்லிகைப்பூவுமாகப் போய் அசடு வழிந்தேன். வீட்டுக்கார அம்மாவின் கணவர் மஸ்கட்டில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். பூ யாருக்கு என்று அந்தம்மா கேட்டார். சொன்னேன்.

"ஒழுகினா ஒழுகட்டும்பா. நான் பக்கெட் வெச்சுக்கறேன், நீ மொதல்ல பஸ்ஸைப் புடி!"

வேலூர் கம்ப்ளெய்ன்ட்

போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. சண்டை போடுவாள் என்று பயந்தேன். செல்வி என் சட்டைக் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. மூன்று வாரத்து ஏக்கம்.

"எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் கிளம்பிட்டிருந்தேன். இங்கயும் தண்ணி ஒழுகுதுன்னு உங்க கடைக்கு போன் போட்டாத்தான் வருவீங்கன்னு தோணிச்சு."

அவளுக்கு மாற்றல் கிடைக்க இன்னும் மூன்று கோடை ஆனது, அதுவரை, ஏ.சி. வாங்க வசதியில்லாத அத்தனை பேரையும் மனசார வாழ்த்தியபடியேதான் ஞாயிறுதோறும் பஸ் பிடித்தேன்.