நாலரைக்கு முன்னால் திருப்பிய சாவி

தொண்ணூறுகளின் கடைசியில் குனோங் ராபாட் என்ற ஊரில் குடியிருந்தோம். எங்கள் பழைய கார் ஓடும்போதே நின்றுவிடும். எஞ்சின் சுழல்வதைக் கவனிக்கும் சென்சர் கெட்டுவிட்டது என்றார்கள். ஒரு ஞாயிறு மதியம் என் வீட்டுக்காரர் தாமே புதியதை மாட்ட இறங்கினார்.

"நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடணும்," என்று காலையிலிருந்து நச்சரித்தவள் நான்தான்.

"சரி லா, நீ போய் சீட்டுல உக்காரு. சொல்றப்ப சாவியத் திருப்பு."

திறந்திருந்த பானட் அவரை மறைத்தது. மணி நாலு இருபத்தெட்டு. "ஆச்சாங்க?" என்று இரண்டு முறை கேட்டேன். அவர் சொல்வதற்குள் நேரம் போய்விடுமே என்று திருப்பிவிட்டேன்.

'டக்' என்று ஒரே சத்தம். எஞ்சின் சுழலவில்லை. இறங்கி முன்பக்கம் ஓடினேன். கீழே விழுந்த ஸ்பானாவை எடுக்க, எஞ்சினோடு சுழலும் பேன் பெல்ட்டை ஒட்டி முழங்கை வரை கையை விட்டபடி உறைந்து நின்றார்.

"பேட்டரி வயர சும்மாதான் வச்சிருந்தேன், முடுக்கல," என்றார் மெதுவாக. "முடுக்கியிருந்தா கை போயிருக்கும்."

ராகு காலம் இன்றும் பார்க்கிறேன். ஆனால் அவர் என் கதவருகே வந்து இரண்டு கைகளையும் காட்டும்வரை சாவியைத் தொடுவதில்லை.