எக்சேஞ்ச் அம்மாவின் பதினைந்தாம் கட்டம்

“கொஞ்சம் லைன்ல இருங்க, பாக்கறேன்” என்று தொலைக்காட்சியில் நிற்கும் பொம்மை மனிதரிடம் சொல்லிவிட்டு, எக்சேஞ்ச் அம்மா இன்னொரு மேசைக்கு சூப்பை அனுப்புகிறார். மூக்குக்கண்ணாடி நுனிவரை இறங்கிவிட்டது. தள்ளிவிடக் கை ஒழியவில்லை. இரண்டு கட்டைவிரல்களும் ரிமோட்டின் பொத்தான்கள்மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. காலை பத்து மணி. பத்தரை வரை அவரிடம் யாரும் பேசக் கூடாது.

வயது எழுபத்து மூன்று. முப்பத்தொரு வருடம் தொலைபேசி இணைப்பகத்தில், அதாவது எக்சேஞ்சில், ஆபரேட்டர். எங்கள் அடுக்ககத்தில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அவர் வீட்டுச் செய்தித்தாளை ஓசியில் படிக்கப் போகும் எதிர்வீட்டுக்காரன் நான்.

பேரன் விட்டுப்போன வீடியோ கேம் அது. ஓர் உணவகம். ஆட்கள் வந்து உட்கார்ந்து ஆளுக்கொன்று கேட்பார்கள். யார் எதைக் கேட்டார் என்று ஞாபகம் வைத்துக் கொடுக்க வேண்டும். தாமதமானால் முகம் சிவந்து எழுந்து போய்விடுவார்கள். கட்டத்துக்குக் கட்டம் கூட்டம் கூடும். மூன்று பேர் போனால் ஆட்டம் முடிந்தது. கோபக்காரரை முதலில் கவனித்தால் கூடுதல் புள்ளி உண்டு. அம்மாவிடம் அந்தக் கதையே நடக்காது. வந்த வரிசைதான்.

“கத்தறவனுக்கு முதல்ல குடுத்தா, சும்மா உக்காந்திருக்கறவன் என்ன இளிச்சவாயனா?” என்பார்.

தொல்லை தருபவரை வெளியே அனுப்ப ஒரு பொத்தானும் இருக்கிறது. அதை அவர் தொட்டதில்லை. “நானா லைனைக் கட் பண்ணினதே கிடையாது தம்பி. இந்த வயசுல பழகிக்கவா?”

இணைப்பகத்தில் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவர் அவருடைய அக்கா. ஓய்வு பெற்றபின் அக்காவுக்கு மறதி நோய் வந்தது. கடைசி வருடம் தங்கையைப் பார்த்து, “யாரு பேசறது?” என்று கேட்டாராம். “மூணு தடவ பேர் சொன்னேன். அப்புறமும் வாசலயே பாத்துட்டிருந்தா. எனக்கும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு, அவ்வளவுதான்” என்றார் ஒருநாள், செய்தித்தாளை என்னிடம் நீட்டியபடி.

விளையாடினால் மூளை துருப்பிடிக்காது என்று சொன்னவன் பேரன். அக்காவைப் பார்த்த டாக்டரையே மகன் போய்க் கேட்டு வந்தார். “நல்லதுதான், ஆனா இதையே அளவுகோலா வெச்சுக்காதீங்க” என்றாராம் அவர். முதல் சொல்தான் அம்மாவின் காதில் விழுந்தது. மகனிடம் ஒரு நிபந்தனை போட்டார்: ஒரு வாரம் சேர்ந்தாற்போல் பதினைந்தாம் கட்டத்தைத் தொடாவிட்டால், டாக்டரிடம் போய்ச் சோதித்துக்கொள்வது. மகன் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

இரண்டு மாதத்துக்கு முன் எண்ணிக்கை சரிந்தது. பதினாறு, பதிமூன்று, பன்னிரண்டு. அம்மாவுக்குப் பேச்சே குறைந்துபோனது. கழுவிய தட்டை மறுபடி கழுவினார். பதினைந்தைத் தொடாமலே ஆறு நாள் போனது. ஏழாம் நாள் திடீரென்று பத்தொன்பது, பிறகு இருபத்திரண்டு, இருபத்தேழு. அடுக்ககம் முழுக்கத் தம்பட்டம்தான். லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவரைக்கூட விட்டுவைக்கவில்லை. “இருபத்தேழு, தெரியுமா? மண்டை இன்னும் மழுங்கல.”

போன சனிக்கிழமை நான் அங்கே இருந்தேன். மகன் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பாதி ஆட்டத்தில் அம்மா ரிமோட்டை மடியில் வைத்தார்.

“இவங்களுக்கெல்லாம் ஏது இவ்வளவு பொறுமை?”

அடுத்து வந்த ஆளுக்கு ஒன்றும் கொடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். உதடுகள் மட்டும் எண்ணின. கடைசியில் அந்த ஆளின் முகம் சிவந்தது.

“முப்பத்தஞ்சு செகண்டு. முன்னெல்லாம் இருபதுலயே சிவந்துடுவாங்க. எத்தன வருஷம் ஆளுங்கள காக்க வெச்சவ நான், எனக்குத் தெரியாதா?” மகன் பக்கம் திரும்பினார். “நீ ஏதாவது பண்ணினியா?”

மகனுக்குப் பொய் சொல்ல வராது. “சுலபம்னு ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு மாத்திட்டேம்மா. நீங்க தோத்துட்டு சுவரப் பாத்துட்டே உக்காந்திருந்தீங்க. என்னால தாங்க முடியல.”

“பாவம் பாத்தியா?”

“பயந்துட்டேம்மா.”

“பயந்தா என்கிட்ட சொல்லணும். இத்தன நாளா ஊரெல்லாம் பீத்திட்டிருந்தேனே, அதையும் பாத்துட்டு சும்மாதானே இருந்த?”

குரல் உயரவே இல்லை. நான் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். எழுந்து போகவும் கூச்சம், உட்கார்ந்திருக்கவும் கூச்சம்.

“பழையபடி வை” என்றார். மகன் வைத்தார். அம்மா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஆடினார். பதினாலாம் கட்டத்தில் மூன்றாவது ஆள் எழுந்து போனார்.

“ஒண்ணுதானேம்மா குறையுது. ஒரு வாரம் பாத்துட்டு முடிவு பண்ணலாம்.”

“நீ மாத்தறதுக்கு முன்னாடியே ஆறு நாள் போயாச்சு. இன்னிக்கோட ஏழு.”

“செகண்டு கணக்கக் கண்டுபிடிச்சீங்களே, அது போதாதா?”

“அது வேற, இது வேற. சொன்னா சொன்னதுதான்.”

மகன் எழுந்தார். “டாக்டர் நம்பர எங்கயோ எழுதி வெச்சிருந்தேனே” என்று இழுப்பறையைத் திறந்து காகிதங்களைக் கிளறத் தொடங்கினார். எக்சேஞ்ச் அம்மா போனைக் கையில் எடுத்தார். டாக்டரின் எண், அக்காவுக்காக ஐந்து வருடத்துக்கு முன்னால் அவர் கடைசியாக அழுத்தியது. மகனின் முதுகையே பார்த்தபடி, கட்டைவிரலால் ஓர் இலக்கத்திலும் தயங்காமல் கடைசிவரை அழுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டார்.