மூன்று ஸ்பூன் சர்க்கரை

திண்டிவனத்தில் சோடா கம்பெனி வைத்திருந்தார் அவர். ஒல்லியான ஆள், எப்போதும் நனைந்த காக்கி அரைக்கால் சட்டை. ஒவ்வொரு பாட்டிலையும் வெயிலுக்கு நேரே தூக்கி, இடது கண்ணை மூடிக்கொண்டு, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் நிரப்புவார்.

எண்பதுகளில் நானும் இரண்டு நண்பர்களும் மொட்டை மாடியில் திருட்டுத்தனமாக பீர் தயாரித்தோம். மூடி போட்டுக் கொடுக்க அவரிடம் மிஷின் இருந்தது.

"பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சக்கரைக்கு மேல போடாதீங்க தம்பி, வெடிச்சிடும்" என்றார்.

நுரை பொங்க வேண்டுமே என்று அவருக்குத் தெரியாமல் மூன்று போட்டோம். அப்பாக்களுக்குப் பயந்து பாட்டில்களை அவர் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வந்தோம்.

நாலாம் நாள் வெடித்தன.

ஆஸ்பத்திரியில் இடது கண்ணில் கட்டோடு கிடந்தவர், எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"கீறல் பாட்டில் ஒண்ண சரியா பாக்காம உட்டுட்டேன் தம்பி. ஆசையா செஞ்சி எடுத்துக்கினு வந்தீங்க, எல்லாம் பாழாப் போச்சே."

சர்க்கரையைப் பற்றி நாங்கள் வாய் திறக்கவில்லை. பீர் போன துக்கம் என்று நினைத்து அவர்தான் எங்களைத் தேற்றினார்.

கம்பெனிக்குத் திரும்பிய பிறகு, ஒவ்வொரு பாட்டிலையும் முன்னைவிட நெடுநேரம் வெயிலில் பிடித்துப் பார்த்தார், மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால்.